சனிக்கிழமை சாயங்காலம், மருந்துக்கடையில் ஐந்து ஊசி

என் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்ட ஒரு மருந்துக்கடையைப் பற்றி, சான் ஹோசே பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறாம் வகுப்பு முடித்து ஏழாவது போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் முழுதாகப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. இதில் வேறு கடையைப் பற்றியும் இன்ஷூரன்ஸ் பற்றியும் குறை சொல்லியிருக்கிறேன், அதனால் எல்லோரையும் பெயர் இல்லாமலே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். எதைப் பார்த்து ஒரு கடையைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பெயரைவிட உங்களுக்கு உதவும்.

2024 ஜூலை கடைசி. மகளுக்கு 12 வயது. பள்ளியிலிருந்து மின்னஞ்சல் வந்தது: டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமல் மூன்றுக்குமான தடுப்பூசி) போட்டதற்குச் சான்று இல்லாமல் ஏழாம் வகுப்பில் சேர்க்க முடியாது. இது கலிஃபோர்னியாவில் 2011 முதல் இருக்கிற சட்டம். அதற்கு முந்தைய வருஷம், 2010இல், இங்கே கக்குவான் இருமல் பரவி ஒன்பதாயிரம் பேருக்கு மேல் வந்து, பத்துப் பச்சிளங்குழந்தைகள் இறந்துபோனார்கள். அப்புறம்தான் இந்தக் கட்டாயம் வந்தது. ஆக, பள்ளி சும்மா காகிதம் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் குழந்தை மருத்துவரிடம் கூப்பிட்டால் அடுத்த நேரம் செப்டம்பர் முதல் வாரம் என்றார்கள். பள்ளி திறப்பதோ ஆகஸ்ட் நடுவில்.

சரி, மருந்துக்கடையிலேயே போடுகிறார்களே என்று முதலில் ஒரு பெரிய கடையின் கிளையில் இணையத்தில் நேரம் எடுத்தேன். வயது, ஊசியின் பெயர் எல்லாம் போட்டுத்தான் எடுத்தேன். அங்கே நாற்பது நிமிடம் வரிசையில் நின்ற பிறகு, பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்றைக்குப் போட ஆள் இல்லை, வேறு கிளைக்குப் போங்கள் என்றார்கள். மகள் அதற்குள் பயந்து பயந்து ஒரு வழியாக மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருந்தாள். அவளைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிப் போவது எவ்வளவு கஷ்டம் என்று பிள்ளை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் தமிழ்ப்பள்ளியில் பழக்கமான ஓர் அம்மா இந்தக் கடையைச் சொன்னார். சங்கிலிக் கடை இல்லை, ஒரே ஒரு கடை. துணி வெளுக்கும் கடைக்கும் வியட்நாமிய நூடுல்ஸ் கடைக்கும் நடுவில், வெளியே இருந்து பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். உள்ளே இரண்டு வரிசை அலமாரி, ஒரு ரத்த அழுத்தம் பார்க்கும் இயந்திரம், கவுன்ட்டருக்குப் பக்கத்தில் நாலு ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் நாற்காலி. வார நாளில் இரவு எட்டு வரை, சனிக்கிழமை ஏழு வரை திறந்திருக்கிறது. நேரம் எடுக்காமலும் போகலாம், ஆனால் ஒரு போன் போட்டு ஊசி கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

போனது ஜூலை 27, சனிக்கிழமை, மாலை ஐந்தரை. நான், மகள், கூடவே மகன். அவனை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர மனமில்லாமல் கூட்டி வந்தேன், அவ்வளவுதான். அவன் சிப்ஸ் அடுக்கியிருந்த இடத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்மசிஸ்ட் ஓர் ஐம்பது வயதுப் பெண்மணி. மகளுடைய ஃபார்மை வாங்கிப் பார்த்தார். உடனே ஊசியை எடுக்கவில்லை. மாநிலத்தின் தடுப்பூசிப் பதிவேட்டைத் திறந்து மகளின் பெயரைத் தேடினார். இந்த ஊரில் யார் எங்கே ஊசி போட்டாலும் அதில் ஏற்ற வேண்டும், 2023 தொடக்கத்திலிருந்து அது சட்டம். பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: பள்ளி கேட்பது ஒன்று, இவள் வயதுக்கு வேண்டியது மூன்று. டிடாப் ஒன்று, மூளைக்காய்ச்சலுக்கான மெனிங்கோகாக்கல் ஒன்று, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் போன்றவற்றை உண்டாக்கும் வைரஸுக்கான ஹெச்பிவி ஒன்று. மூன்றையும் இன்றைக்கே போடலாம், வேண்டாம் என்றால் டிடாப் மட்டும் போடுகிறேன், நீங்கள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அவசரப்படுத்தவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள், இருந்தும் நிதானமாகத்தான் பேசினார்.

அப்புறம் தலையைத் தூக்கி, அங்கே நிற்கிற பையன் உங்கள் மகனா, அவனுக்கு என்ன வயது என்று கேட்டார். பதினான்கு என்றேன். பிறந்த தேதி? ஆகஸ்ட் 8 என்றேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அவன் பெயரையும் பதிவேட்டில் தேடினார். ஹெச்பிவி ஒன்றுகூட இல்லை. மெனிங்கோகாக்கலும் இல்லை. பதினைந்தாவது பிறந்தநாளுக்கு முன்னால் முதல் ஊசி போட்டால் ஹெச்பிவி இரண்டு தவணை போதும், அதற்குப் பிறகு ஆரம்பித்தால் மூன்று தவணை, உங்களுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்றார்.

எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. எப்படி விட்டுப்போனது என்று யோசித்தால் காரணம் தெளிவாகவே இருக்கிறது. அவனுக்குப் பதினொரு வயது ஆனது 2020இல். கொரோனா. வருடாந்திரப் பரிசோதனைக்கு யாரும் போகாத காலம். அடுத்த வருஷம் ஏழாம் வகுப்புக்குப் பள்ளி டிடாப் கேட்டது, அதை மட்டும் ஓடிப்போய்ப் போட்டுவிட்டு வந்தோம். ஹெச்பிவியை இங்கே பள்ளி கட்டாயமாகக் கேட்பதில்லை. கேட்காததை நாங்களும் நினைக்கவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் இப்படி என்று இல்லை. 2023ஆம் வருஷத்து அமெரிக்கக் கணக்கில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் டிடாப் போட்டவர்கள் நூற்றுக்கு 89 பேர், ஹெச்பிவி ஒரு தவணையாவது போட்டவர்கள் ஏறக்குறைய 77 பேர், எல்லாத் தவணையும் முடித்தவர்கள் 61 பேர்தான். முதல் வித்தியாசம் பள்ளி கேட்பதால் வருவது, இரண்டாவது வித்தியாசம் மறதியால் வருவது என்றுதான் எனக்குப் படுகிறது.

எனக்கு இந்த ஊசி வேண்டாம் என்ற எண்ணம் எப்போதும் இருந்ததில்லை. என் சித்தி மதுரையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்தார், 46 வயதில். வெள்ளைப்படுதல், இடுப்பு வலி என்று இரண்டு வருஷம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டு, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகும்போது நோய் முற்றிவிட்டது. அது 2007. அமெரிக்காவில் இந்த ஊசிக்கு அனுமதி கிடைத்ததே 2006இல். சித்திக்கு எந்த வழியிலும் கிடைத்திருக்காது, அது தெரியும். ஆனால் கடை பக்கத்திலேயே இருக்கிற என் பிள்ளைக்கு நானே விட்டுவிட்டிருந்தேன் என்பதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது நெஞ்சை அடைத்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். பெண் பிள்ளைக்குச் சரி, பையனுக்கு எதற்கு என்று கேட்டார். போனை பார்மசிஸ்டிடம் கொடுத்துவிட்டேன். இந்த வைரஸ் ஆண்களுக்குத் தொண்டையிலும் நாக்கின் பின்பக்க அடிப்பகுதியிலும் புற்றுநோய் உண்டாக்கும், அமெரிக்காவில் இன்று அந்த வகைதான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைவிட அதிகம் பேருக்கு வருகிறது, பையன்களுக்கும் வழக்கமாகப் போடச் சொல்லி 2011லேயே பரிந்துரை வந்துவிட்டது என்று சொன்னார். இரண்டு நிமிடத்தில் வீட்டுக்காரர் சரி என்றார். ஒரு டாக்டரம்மா அறையில் பதினைந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்கிற விஷயத்தை இவர் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டே சொன்னார்.

ஊசி போடுகிற இடம் ஒரு மூலை, மடக்குத் தட்டியால் மறைத்திருக்கிறார்கள். இதுதான் இந்தக் கடையில் எனக்குப் பிடிக்காத ஒன்று. தட்டிக்கு அந்தப் பக்கம் மருந்து வாங்க நிற்பவர்களுக்கு உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் மாதவிடாய், வேறு மருந்து ஏதாவது எடுக்கிறாயா என்று கேட்கும்போது அவள் குரல் இறங்கிப்போனது. பார்மசிஸ்ட் அதைக் கவனித்துவிட்டு, கேள்விகளைத் தாளில் காட்டி, விரலால் தொட்டுச் சொல்லு போதும் என்றார். நல்ல மனசு, ஆனால் ஒரு கதவு வைத்த சின்ன அறை இருந்தால் இதெல்லாம் தேவைப்படாது. வளர்ந்துவரும் பிள்ளைகளுக்கு ஊசி போடுகிற எந்தக் கடையும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

மகளிடம் அவர் பேசிய விதத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். என்னிடம் பேசிவிட்டு முடித்துக்கொள்ளவில்லை. அவள் எதிரில் ஒரு சின்ன முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, உனக்கு என்ன கேட்க வேண்டும் என்றார். இதற்குள்ளே வைரஸ் இருக்குமா என்று மகள் கேட்டாள். வைரஸின் மேல்தோடு மாதிரி செய்த புரதம் மட்டும்தான், உள்ளே ஒன்றும் இல்லை, கொட்டை எடுத்த பழத்தின் தோல் மாதிரி, அது முளைக்காது, ஆனால் உன் உடம்பு அந்தத் தோலைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொள்ளும் என்றார். மகள் மறுநாள் என் மாமியாருக்கு வீடியோ காலில் அப்படியே ஒப்பித்தாள்.

இடது கையில் இரண்டு, இரண்டுக்கும் நடுவில் ஓர் அங்குல இடைவெளி விட்டு; வலது கையில் ஒன்று. ஒவ்வொரு ஊசியையும் போடுவதற்கு முன்னால் பெட்டியில் இருந்த பெயரையும் காலாவதித் தேதியையும் என்னிடம் காட்டினார். குளிர்ப்பெட்டியின் கதவில் காலையும் மாலையும் வெப்பநிலை எழுதுகிற தாள் ஒட்டியிருந்தது, எல்லாம் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள். நான் கேட்காமலே கண்ணில் படுகிற இடத்தில் அது இருந்தது எனக்கு நம்பிக்கை கொடுத்தது. கடையைத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பாருங்கள்.

மகள் ஹெச்பிவி போடும்போது மட்டும் எரியுது அம்மா என்றாள். அது கொஞ்சம் எரியத்தான் செய்யும். மகன்தான், டேய் பயமா என்று தங்கை கேட்டதற்குச் சிரித்துக்கொண்டு போனவன், ஊசி போட்டு மூன்று நிமிடத்தில் முகம் வெளுத்துக் கண் சொருகினான். எனக்கு உயிரே போய்விட்டது. பார்மசிஸ்ட் பதறவில்லை. ஓடிவந்து அவனைப் படுக்க வைத்து, காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்து, அவன் பேரைச் சொல்லிப் பேசிக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடத்தில் தெளிந்தான், ஒரு டப்பா ஜூஸ் குடித்தான். இந்த வயதுப் பிள்ளைகள் எந்த ஊசி போட்டாலும் இப்படி மயங்குவது உண்டு, மருந்தால் வருவது இல்லை, ஊசி குத்துகிறபோது உடம்பில் வருகிற அதிர்ச்சி, அதனால்தான் பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்கிறோம் என்றார். தயவுசெய்து அந்தப் பதினைந்து நிமிடத்தை விட்டுவிட்டு வண்டியில் ஏறாதீர்கள். காலையிலிருந்து சாப்பிடாமலும் கூட்டிப் போகாதீர்கள், மகன் அன்றைக்கு மதியம் சரியாகச் சாப்பிடவில்லை.

பணம். இங்கேதான் ஒரு மணி நேரம் போனது. ஹெச்பிவிக்குப் போடுகிற கார்டசில் 9 ஊசி ஒரு தவணையே 250 டாலருக்கு மேல். இன்ஷூரன்ஸில் தடுப்பூசிக்கு நம் கையிலிருந்து ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை என்பது பொதுவான விதி, ஆனால் எங்கள் இன்ஷூரன்ஸ் முதலில் மறுத்துவிட்டது. காரணம் என்னவென்றால் டாக்டரிடம் போட்டால் ஒரு கணக்கு, மருந்துக்கடையில் போட்டால் இன்னொரு கணக்கு, அந்த இரண்டாவது கணக்கில் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களை ஏற்றுக்கொள்ளும்படி அமைத்திருக்கவில்லை. கடையில் வேலை செய்கிற பையன் இன்ஷூரன்ஸுக்குப் போன் போட்டு இருபத்தைந்து நிமிடம் காத்திருந்து, வேறு வழியில் பதிவு செய்து, கடைசியில் ஐந்து ஊசிக்கும் பூஜ்யம் டாலர் என்று வந்தது. அவன் ஒரு தடவைகூட எங்களை நாளைக்கு வாருங்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் போவதற்கு முன்னால் அட்டையின் பின்புறம் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு, மருந்துக்கடையில் இந்த வயதுப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டால் ஏற்பீர்களா என்று இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

மெடிக்கல் எனப்படும் மாநில உதவித் திட்டத்தில் இருக்கிற குடும்பங்களுக்கு இந்த வழி சுலபமாக இல்லை, அது எனக்கு வருத்தம். அந்தப் பிள்ளைகளுக்கான ஊசி 1994 முதல் நடக்கிற வேக்சின்ஸ் ஃபார் சில்ட்ரன் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் இலவசமாக வருகிறது, ஆனால் மருந்துக்கடைகளில் பெரும்பாலானவை அதில் சேரவில்லை, இந்தக் கடையும் சேரவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து உதவி செய்கிற அக்கா தன் மகனை இங்கே கூட்டிவர ஆசைப்பட்டார், கடைசியில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு கவுன்ட்டி கிளினிக்குக்குத்தான் போக வேண்டியிருந்தது. மாலை நேரமும் சனிக்கிழமையும் யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்களுக்கே அது கிடைக்காமல் இருப்பது சரியில்லை. இதை பார்மசிஸ்டிடமே கேட்டேன். தனியாகக் கையிருப்பு, தனியாகக் கணக்கு வைக்க வேண்டும், இந்தச் சின்னக் கடையில் ஆள் போதாது என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கலிஃபோர்னியாவில் மூன்று வயது முதல் யாருக்கும் வழக்கமான தடுப்பூசியை பார்மசிஸ்டே போடலாம், மருத்துவர் சீட்டு வேண்டாம். எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை. சில இடங்களில் வயது வரம்பு வேறு, சில இடங்களில் சீட்டு வேண்டும். 2020இல் கொரோனா நேரத்தில் நாடு முழுக்கப் பொதுவாகத் திறந்துவிட்டார்கள், பிறகு அது போய்விட்டது, அதனால் போன வருஷம் தோழி போட்டாள் என்று நம்பிப் போகாமல் உங்கள் ஊர்க் கடையில் கேளுங்கள்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இது என் வீட்டில் மட்டும் நடப்பது இல்லை. அன்றைக்கு இரவே கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டார். ஏம்மா, வயசுக்கு வர்ற புள்ளைக்கு எதுக்கு இந்த ஊசி, ஆந்திராவுல ஏழு புள்ளைங்க செத்துப்போச்சாமே, வாட்ஸ்அப்புல வந்துச்சு என்றார். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. அது நடந்த விஷயம்தான். 2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளிப் பெண்களுக்கு இந்த ஊசியைப் போட்டுப் பார்த்தார்கள், ஏழு பெண்கள் இறந்தார்கள், 2010 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். விசாரித்ததில் ஒரு பெண் நீரில் மூழ்கி இறந்தாள், ஒரு பெண்ணைப் பாம்பு கடித்தது, பூச்சி மருந்து குடித்தவர்கள் உண்டு, இறப்புகளுக்கு ஊசி காரணம் என்று எதிலும் தெரியவரவில்லை. ஆனால் இன்னொன்றும் தெரிந்தது. பெற்றோரிடம் சரியாகக் கேட்காமல், விடுதிப் பெண்கள் பல பேருக்கு வார்டன்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நாடாளுமன்றக் குழு 2013இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை, அதுதான் பத்துப் பதினைந்து வருஷம் கழித்தும் வதந்தியாகச் சுற்றுகிறது. இதை அத்தையிடம் அப்படியே சொன்னேன். இங்கே எங்களிடம் அரைமணி நேரம் பேசினார்கள், நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன் என்றும் சொன்னேன். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்டுக்கொண்ட பெண்களைப் பல வருஷம் கழித்துப் பார்த்ததில் ஒருவருக்குக்கூட கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரவும் நிலையில் வரவில்லை என்று 2024 ஜனவரியில் வந்த ஆய்வையும் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உன் சித்திக்கு வந்ததுதானே அது என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். அப்போ சரி கண்ணு, என் தம்பி பேத்திக்கும் கேக்கணும் என்றார். இந்தியாவிலேயே சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் என்ற ஹெச்பிவி ஊசி 2023 முதல் கிடைக்கிறது, அதைச் சொல்லி அவர்கள் ஊர் குழந்தை மருத்துவரிடம் போகச் சொன்னேன்.

இரண்டாவது தவணைக்காகத்தான் இந்தக் கடைக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன். முதல் ஊசியை எப்படியோ எல்லோரும் போட்டுவிடுகிறோம். ஆறு மாதம் கழித்து, காய்ச்சலும் இல்லை, பள்ளியும் கேட்கவில்லை, அந்த நாளில் யாருக்கு நினைவு வரும்? ஒரே ஒரு ஊசிக்காக டாக்டரிடம் நேரம் வாங்கி, அரை நாள் விடுப்புப் போட்டு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து பாதியில் கூப்பிட்டுக்கொண்டு போக யாருக்கு முடியும்? 2025 பிப்ரவரி முதல் வாரம் இந்தக் கடையிலிருந்து போன் வந்தது, குறுஞ்செய்தி இல்லை, அந்தப் பையனே கூப்பிட்டான், இரண்டு பேருக்கும் நாள் வந்துவிட்டது, ஊசி எடுத்து வைத்திருக்கிறேன் என்று. செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக்கு, மகளின் நடன வகுப்பு முடிந்து நேராகப் போனோம். உள்ளே போய் வெளியே வர, அந்தப் பதினைந்து நிமிடத்தையும் சேர்த்து, அரைமணி நேரம். இந்தத் தடவை மகன் போகும் முன்னாலேயே இரண்டு இட்லி சாப்பிட்டிருந்தான், படுத்துக்கொண்டே போட்டுக்கொண்டான், ஒன்றும் ஆகவில்லை. இன்ஷூரன்ஸும் தகராறு செய்யவில்லை. மறுநாள் பார்த்தால் மாநிலத்தின் டிஜிட்டல் பதிவில் இரண்டு பேர் பெயரிலும் ஏறியிருந்தது, செப்டம்பரில் பார்த்திருந்த குழந்தை மருத்துவரின் அலுவலகத்துக்கும் அதே விவரம் தெரிந்திருந்தது.

அதற்காக வருடாந்திரப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். உயரம், எடை, முதுகுத்தண்டு, மனசு எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு டாக்டர்தான் பார்க்க வேண்டும். நாங்கள் செப்டம்பரில் போனபோது டாக்டர் ஊசியைப் பற்றிப் பேசவே வேண்டியிருக்கவில்லை, அந்த நேரம் முழுவதும் மகளிடம் தூக்கம், படிப்பு, தோழிகள் என்று பேசினார். அதுவும் ஒரு லாபம்தான்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை குறைத்தது அந்தத் தட்டிக்காக. மெடிக்கல் பிள்ளைகளுக்கும் போட ஆரம்பித்தால் வந்து மாற்றி எழுதுகிறேன். வண்டி நிறுத்த இடம் சனிக்கிழமை நூடுல்ஸ் கடைக் கூட்டத்தால் கிடைக்காது, பின்பக்கம் போங்கள். பிள்ளையின் பழைய மஞ்சள் தடுப்பூசி அட்டையை எடுத்துப் போங்கள், இந்தியாவில் போட்ட ஊசி இருந்தால் அந்த அட்டையையும் கொண்டு போங்கள், அதையும் பதிவேட்டில் ஏற்றித் தருகிறார்கள்.

மகனுக்கு மெனிங்கோகாக்கல் இரண்டாவது ஊசி பதினாறு வயதில். பிப்ரவரியில் கிளம்பும்போது பார்மசிஸ்ட் ஒரு துண்டுச் சீட்டில் அதை எழுதி என்னிடம் கொடுக்காமல் அவன் கையில் கொடுத்தார். ஆகஸ்ட் 8க்கு மேல் எந்தச் சனிக்கிழமையும் வா, சாப்பிட்டுவிட்டு வா என்று எழுதியிருந்தது. அவனே அதைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறான்.